ஆதலும் இருத்தலும்: சுண்டெலி முளையமும் ஓர் அறவினாவும்

ஓர் உயிர் இறந்துவிட்டது என்று எப்பொழுது கூறலாம் என்னும் வினாவுக்கு அன்றாட வழக்கில் விடை காண்பது கடினமன்று. மூச்சு நிற்கிறது, உடல் குளிர்கிறது, அதன்பின் அவ்வுடலின் எப்பகுதியும் வளர்வதில்லை. இம்மூன்றும் ஒருங்கே நிகழ்வதனாலேயே இறப்பு என்னும் ஒரு சொல் போதுமானதாக இருந்து வந்துள்ளது. இவை ஒன்றினின்று ஒன்று பிரிந்து நிற்கும் ஒரு நிலையை ஆய்வுகூடம் தோற்றுவிக்குமாயின், அச்சொல் எதனைக் குறிக்கும் என்பது உடனே ஐயத்துக்குரியதாகிவிடும். சுண்டெலியின் முளையத்திலிருந்து குருத்துக்கலங்களைப் பெற்று வளர்க்கும் முறை அத்தகையதொரு நிலையைத் தோற்றுவித்துள்ளது.

1981ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் எவன்ஸ், மத்தியூ கோவ்மன் என்னும் இருவரும், அவ்வாண்டின் இறுதியிலே சன் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கேய்ல் மார்ட்டின் என்பவரும், தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டனர். கருப்பையிற் பதியுமுன் எடுக்கப்பட்ட சுண்டெலி முளையத்தின் கலங்களைக் கண்ணாடிக் கிண்ணத்திலே, அவை எவ்வுறுப்பாகவும் மாறிவிடாமல், எல்லையின்றிப் பெருக்க முடியும் என்பதே அம்முடிவு. ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை இட்டவர் கேய்ல் மார்ட்டினே. தமிழில் இதனைத் தண்டுக்கலம் என்பாரும் குருத்துக்கலம் என்பாரும் உளர். தண்டு என்பது மரம் ஓரளவு உருப்பெற்ற பின்னர் நிற்பது; குருத்தோ இன்னும் விரியாதது, விரிந்தால் இன்னதாகும் என்று வெளித்தோற்றத்திற் காட்டாதது. இப்பொருளுக்குக் குருத்து என்னும் சொல்லே பொருந்துவது என்பதனால் இக்கட்டுரையில் அதுவே கையாளப்படுகின்றது.

முறையைச் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும். அறவினா அம்முறையின் வெவ்வேறு படிகளிலே சிதறிக் கிடக்கின்றது. தொலைவில் நின்று 'முளைய ஆய்வு' என்று மொத்தமாகப் பெயரிட்டுப் பேசுவோர் அதனை ஓரிடத்தில் மட்டுமே தேடுகின்றனர்.

பெண் சுண்டெலி ஆணுடன் இரவிலே விடப்படுகின்றது. மறுநாட் காலையில் யோனிவாயிலில் அடைப்பொன்று காணப்படுமாயின் புணர்ச்சி நிகழ்ந்தது என அறியப்படும்; அன்று நண்பகல் அரைநாள் எனக் கணிக்கப்படும். மூன்றரை நாளில் தாய் கொல்லப்படுகின்றது. பெரும்பாலும் கழுத்தென்பைக் கணப்பொழுதில் விலக்கியே இது செய்யப்படும். கருப்பை வெட்டியெடுக்கப்பட்டு, மெல்லிய ஊசியாற் செலுத்தப்படும் வளர்ப்பூடகத்தினால் அலசப்படுகின்றது. அலசிய நீரிலே, நுணுக்குக்காட்டியின் கீழ், மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவான சிறு கோளங்கள் மிதப்பதைக் காணலாம். இவையே அரும்பர்ச்சிறைப்பைகள். ஒவ்வொன்றிலும் வெளிப்புறமாக ஒரு கலப்படை உண்டு. அது பின்னர் சூல்வித்தகத்தின் பகுதியாகும். உள்ளே ஒரு பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் சிறு கலத்தொகுதி உட்கலத்திணிவு எனப்படும். பிறக்கவேண்டிய சுண்டெலியின் உடல் முழுவதும் அதிலிருந்தே தோன்றவேண்டும்.

அரும்பர்ச்சிறைப்பை கிண்ணத்தில் இடப்படுகின்றது. கிண்ணத்தின் தரையிலே முன்னரே வேறு கலங்கள் ஒரு படையாக வளர்க்கப்பட்டிருக்கும். இவை ஊட்டற்படை எனப்படும். பெரும்பாலும் பதின்மூன்றரை நாள் வளர்ந்த வேறு சுண்டெலி முளையங்களைச் சிறு துண்டுகளாக்கி இக்கலங்கள் பெறப்படுகின்றன. மேலும் பிரியாதவாறு கதிர்வீச்சினாலோ மருந்தினாலோ அவை நிறுத்தப்பட்டிருக்கும். ஊடகத்தில் கன்றின் நீர்ப்பாயம் சேர்க்கப்படும். வெப்பநிலை 37 பாகை. காபனீரொட்சைட்டு நூற்றுக்கு ஐந்து. ஓரிரு நாட்களில் முளையம் தன் உறையினின்று வெளிப்பட்டுத் தரையில் ஒட்டுகின்றது. வெளிப்படைக் கலங்கள் தட்டையாகப் பரவ, நடுவில் உட்கலத்திணிவு ஒரு சிறு மேடாக எழும். நான்கைந்து நாட்களில் அம்மேடு, இழுத்து மெலிதாக்கப்பட்ட கண்ணாடிக் குழாயினாற் பெயர்த்தெடுக்கப்பட்டு, திரிப்சின் என்னும் நொதியத்தினால் தனிக்கலங்களாகப் பிரிக்கப்பட்டு, புதிய ஊட்டற்படையின்மீது விதைக்கப்படுகின்றது. பின்னர் காத்திருக்க வேண்டும். விதைத்தவற்றுட் பல வேறு கலங்களாக மாறிவிடும், சில மடியும். சில மட்டும் ஓரம் ஒளிரும் திரட்சியான குடியிருப்புகளாக வளரும். அவற்றை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பிரித்துப் பிரித்து விதைத்தல் வேண்டும். ஒரு நாள் தவறினும் அவை நெருங்கிப் பெருகித் தம் நிலை திரிந்துவிடும். வார இறுதியோ விடுமுறையோ பாராது ஆய்வுகூடத்துக்குச் செல்லவேண்டியிருக்கும் இத்தொழிலில் ஈடுபட்டோர், தம்மை ஆய்வாளர் என்பதிலும் செவிலியர் என்று கூறினாற் பொருந்தும் என எண்ணுவதில் வியப்பில்லை.

இவ்வாறு பெறப்பட்ட கலங்களைக் குளிர்காப்புப் பொருளொன்றுடன் சேர்த்துத் திரவ நைதரசனில் உறையச் செய்து, ஆண்டுகள் பல கழித்து எடுத்து மீண்டும் வளர்க்கலாம். தாய் இறந்தது ஐயத்துக்கிடமற்றது. முளையம் என்னவாயிற்று? அது ஒரு சுண்டெலியாகவில்லை, ஆகவும் போவதில்லை. ஆயினும் அதன் கலங்கள், அதே பரம்பரையலகுகளுடன், அது பிறந்திருந்தால் வாழ்ந்திருக்கக்கூடிய இரண்டு மூன்று ஆண்டுகளைக் கடந்தும் உயிருடன் பெருகுகின்றன. கொல்லப்பட்டது என்றால் இறந்த கலம் எது என்று காட்டவேண்டும். வாழ்கின்றது என்றால் வாழ்வது யார் என்று கூறவேண்டும்.

இவ்வினாவின் பின்னணியில் எதிர்பாராத ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் லீரோய் ஸ்டீவன்ஸ் என்பவர், 1953இல், புகையிலைப் பொருள்கள் பற்றிய ஆய்வொன்றில் ஈடுபட்டிருந்தபோது, 129 என்று எண்ணிடப்பட்ட தூயவழிச் சுண்டெலியொன்றின் விதையில் வீக்கங் கண்டார். அதனை வெட்டிப் பார்த்தபோது தசை, கசியிழையம், நரம்பு முதலிய பல்வேறு இழையங்கள் ஒழுங்கின்றிக் குவிந்து கிடந்தன. ஓர் உடலாக அமையவேண்டியவை யாவும் உடலின்றிக் கிடந்த கழலை அது. அக்கழலைகளிலுள்ள கலங்களைப் பிறர் கிண்ணத்தில் வளர்த்தனர்; 1970களின் நடுப்பகுதியில் அவற்றை இயல்பான அரும்பர்ச்சிறைப்பைக்குட் செலுத்தியபோது, புற்றுநோய்க் கலங்களாயிருந்தவை நல்ல இழையங்களாகி, பிறந்த சுண்டெலியின் உடலிற் பங்குகொண்டன. கழலையிற் காணப்படும் இக்கலங்களுக்கு நிகரானவை இயல்பான முளையத்திலும் இருத்தல் வேண்டும் என்னும் ஊகமே எவன்சையும் மார்ட்டினையும் வழிநடத்தியது. பிரிந்து பெருகுதல் என்னும் ஒரே ஆற்றல், இடத்தைப் பொறுத்து நோயாகவும் பிறப்பாகவும் அமைகின்றது என்பது மெய்யியலாருக்கு இங்குக் கிடைக்கும் முதற் செய்தியாகும்.

அறவினாவை எழுப்புவோர் பெரும்பாலும் முன்வைக்கும் வாதம் 'ஆகும் தன்மை' பற்றியது. இன்று சுண்டெலியாக இல்லாவிடினும் சுண்டெலியாகக்கூடியதை அழித்தல், சுண்டெலியை அழித்தலுக்கு ஒப்பாகும் என்பது அதன் வடிவம். சுண்டெலி விடயத்தில் இவ்வாதத்தை வலியுறுத்துவோர் குறைவு. 1998இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தொம்சன் மனித முளையத்திலிருந்து இத்தகைய கலங்களைப் பெற்றபோது அது உலகெங்கும் எழுந்தது. ஆனால் வாதத்தின் வலிமையைச் சோதிப்பதற்குச் சுண்டெலியே தகுந்த இடம். மனித முளையத்திற் செய்யத் துணியாத சோதனைகள் யாவும் அதிற் செய்யப்பட்டுள்ளன.

ஆகும் தன்மை என்பது யாது? 1891ஆம் ஆண்டில் ஹான்ஸ் திறீஷ் என்னும் ஜேர்மானிய உயிரியலாளர் கடல்முள்ளெலியின் இருகல முளையத்தைக் குலுக்கிப் பிரித்தார். ஒவ்வொரு கலமும் பாதி உடலாகும் என எதிர்பார்க்கப்பட்டது. ஒவ்வொன்றும் சிறிதாயினும் முழு உடலாயிற்று. பகுதியிலே முழுமை இருப்பதெங்ஙனம் என்னும் வினா அவரை ஆய்வுகூடத்தினின்று மெய்யியலுக்கே கொண்டுசென்றது. அரிஸ்ரோட்டிலின் பழஞ்சொல்லை மீட்டெடுத்து, பொருளுக்கு அப்பாற்பட்ட ஓர் உள்நோக்காற்றல் உயிர்களில் உண்டு என வாதிக்கலானார். உயிரியலார் அவ்விடையை ஏற்கவில்லை. வினா மட்டும் நிலைத்தது. 1961இல் வார்சோவில் அன்ட்ரே தார்க்கொவ்ஸ்கி இதன் மறுதலையைச் செய்தார்: இரண்டு சுண்டெலி முளையங்களை ஒட்டவைத்து ஒரே சுண்டெலியாக வளரச் செய்தார். ஒன்று இரண்டாகின்றது, இரண்டு ஒன்றாகின்றது. இன்ன முளையம் இன்ன உயிர் என்று தொடக்கத்திலேயே எண்ணிக்கையிட்டு வைத்தல் இயலாது என்பது இதனால் வெளிப்படை. உடலுக்கொரு உயிர் என்னும் கொள்கையுடையோர், அவ்வுயிர் எந்நாளில் எண்ணப்படத் தொடங்குகின்றது என்பதற்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர்.

காரணகாரியம் பற்றிய நமது மெய்யியல் மரபு இவ்விடத்திற் பயன்படத்தக்க ஒரு வேறுபாட்டைக் கொண்டுள்ளது. காரியம் காரணத்திலே முன்னரே உள்ளது என்பது சாங்கியருக்கும் சைவசித்தாந்திகளுக்கும் உடன்பாடான சற்காரியவாதம். இல்லாததே புதிதாய்த் தோன்றுகின்றது என்பது நையாயிகரின் கொள்கை. முதலாவதை ஏற்றாற் கலத்திலேயே சுண்டெலி உள்ளது என்று கூறலாம் போலத் தோன்றும். ஆயினும் சித்தாந்திகள் அத்துடன் நின்றாரல்லர். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என மூன்றாக வகுத்தனர். மூன்றுங் கூடாதவழிக் குடம் வெளிப்படுவதில்லை. குடம் மண்ணில் உள்ளது என்று சாதித்தவர் எவரும் மண்ணிலே நீர் மொள்ள முயன்றதில்லை. உள்ளது என்பதும் வெளிப்பட்டது என்பதும் வேறு என்பதே அவ்வாதத்தின் உயிர்நாடியாகும். ஆகும் தன்மையிலிருந்து உடனே உரிமைக்குத் தாவும் இக்கால வாதம் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றது.

தொறொன்ரோவில் 1993இல் அன்ட்ராஸ் நாகி, ஜனற் றொசன்ற் முதலானோர் வெளியிட்ட சோதனை, அறிந்தோ அறியாமலோ, இம்மூன்று காரணங்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவதாக அமைந்தது. இருகல முளையமொன்றை மின்துடிப்பினால் ஒரே கலமாக இணைத்தால் அது நான்மடியமாகும். அது வளர்ந்து சூல்வித்தகம் முதலிய புறவிழையங்களைத் தருமேயன்றி உடலைத் தருவதில்லை. குருத்துக்கலமோ உடலைத் தரும். சூல்வித்தகத்தை இயல்பாகத் தருவதில்லை. இரண்டையுஞ் சேர்த்து வளர்ப்புத்தாயின் கருப்பையில் இட்டபோது, முழுவதும் கிண்ணத்துக் கலங்களிலிருந்தே தோன்றிய சுண்டெலிகள் பிறந்தன. எனவே கிண்ணத்திலுள்ள கலம் சுண்டெலியாகக்கூடியதா? துணையுண்டாயின் ஆம், இன்றேல் இல்லை. ஆகும் தன்மை கலத்துக்குள் அடைத்து வைக்கப்பட்ட பொருளன்று. கலத்துக்கும் அதன் சூழலுக்கும் இடையிலுள்ள உறவு.

இதனை ஏற்க மறுத்து, ஆகும் தன்மை கலத்துக்கே உரியது என்று நிற்போர் பேரிடருக்கு உள்ளாவர். ஒரு கிண்ணத்தில் இலட்சக்கணக்கான குருத்துக்கலங்கள் உள. அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் சுண்டெலிக்குரிய மதிப்பை அளிப்பின், வாரத்தில் மூன்றுமுறை அவற்றைப் பிரித்து எஞ்சியவற்றைக் கழிவுக்கலத்தில் ஊற்றும் மாணவன் ஒரு நகரத்தையே அழித்தவனாவான். அதுவுமன்றி, 2006இல் கியோத்தோவில் கசுத்தோஷி தகஹாஷியும் ஷின்யா யமனகாவும் சுண்டெலியின் முதிர்ந்த நாரிழையக் கலத்துக்குள் நான்கு பரம்பரையலகுகளைப் புகுத்தி அதனைக் குருத்துநிலைக்கு மீட்டனர். 2009இல் அவ்வாறு மீட்கப்பட்ட கலங்களிலிருந்தே முழுச் சுண்டெலிகள் பெறப்பட்டன. ஆகவே வாலின் நுனியிலுள்ள கலமும் சுண்டெலியாகக்கூடியதே. எதற்கும் உரியதாகிவிட்ட தன்மை எதனையும் சிறப்பித்துக் காட்டாது.

இதற்கு எதிராக ஒன்று கூறப்படுவதுண்டு. அது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. தோற்கலத்தைக் குருத்துநிலைக்கு மீட்பது மனிதனின் செயல். கருப்பையிலுள்ள முளையமோ தன்பாட்டிலே வளர்கின்றது. தடுக்கப்படாவிடின் தானே ஆவதற்கும், ஆக்கப்பட்டாலன்றி ஆகாததற்கும் வேறுபாடில்லையா? வேறுபாடு உண்டு என்பதை ஒப்பவேண்டும். கருப்பையிலிருந்து முளையத்தை அலசியெடுக்கும் கை, நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்துகின்றது. ஆனால் கிண்ணத்திற் குருத்துக்கலம் நிலைபெற்ற பின்னர், தானே ஆதல் என்பது என்ன என்பது மீண்டும் குழம்புகின்றது. தாயின் வயிற்றில் இக்குருத்துநிலை ஏறக்குறைய ஒரு நாளே நீடிக்கும். அடுத்த நாள் அது கடந்துபோகும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் குருத்துநிலை இயற்கையில் எங்கும் இல்லை. ஆதலை இருத்தலாக மாற்றியமையே ஆய்வுகூடத்தின் செயலாகும்.

இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதுபற்றி ஆய்வாளர் கருத்தே காலப்போக்கில் மாறிற்று. முதலில் ஊட்டற்படை ஏதோவொன்றை வழங்கிக் கலத்தைக் குருத்துநிலையிற் பிடித்துவைக்கின்றது எனக் கருதப்பட்டது. 1988இல் அப்பொருள் ஒரு புரதம் என இனங்காணப்பட்டது. அதனைத் தனியே சேர்த்தபோது பல கலவழிகளுக்கு ஊட்டற்படை வேண்டாததாயிற்று. 2008இல் ஒஸ்ரின் சிமித்தும் சிலோங் யிங்கும் உடன் ஆய்ந்தோரும் வேறொன்று கண்டனர். குருத்துக்கலமே ஒரு சைகைப் புரதத்தைச் சுரந்து தன்னை மாறத் தூண்டுகின்றது. அச்சைகையின் பாதையையும் வேறொரு நொதியத்தையும் இரு சிறு மருந்துகளினால் தடுத்துவிட்டால், நீர்ப்பாயமோ ஊட்டற்படையோ இன்றியே அது குருத்தாகவே நிற்கின்றது. பிடித்துவைக்க ஒன்றும் வேண்டியதில்லை, தூண்டுதலினின்று காத்தாற் போதும் என்பது அவர்கள் கொள்கை. அப்படியாயின் கலத்தின் இயல்பு யாது? மாறுதலா, மாறாதிருத்தலா? மாறத் தூண்டுவதும் அதன் உள்ளிருந்தே எழுகின்றது. தடை நீங்கினால் மாறுகின்றது. தூண்டல் நீங்கினால் நிற்கின்றது. 'இயல்பாக ஆவது' என்னும் தொடரை அறவாதத்தின் அடித்தளமாக வைப்போர், அவ்வியல்பை எந்தச் சூழலில் வைத்து அளக்கின்றனர் என்பதைக் கூறியாக வேண்டும்.

இதுவரை கூறியவற்றால், முளையத்தின் ஆகும் தன்மையை மட்டுமே கொண்டு இவ்வாய்வைத் தீயதென்று தீர்த்தல் இயலாது என்பது பெறப்படும். அதனால் இவ்வாய்வு குற்றமற்றது என்பது பெறப்படுமா என்றால், இல்லை. பார்வை முளையத்தின்மீதே பதிந்திருந்தமையால் வேறொன்று கண்ணிற் படாது போயிற்று. அது தாய்.

மேலே விரித்த முறையில் வலியை அறியக்கூடியதாய் ஐயத்துக்கிடமின்றி நின்றது அத்தாய் ஒன்றே. உயிர்களை அவற்றின் அறிவின் அளவினால் வகுத்த தொல்காப்பிய மரபியலாருக்கும், துன்புறுமா என்பதே கேட்கத்தக்க வினா என 1789இல் எழுதிய ஜெரமி பெந்தாமுக்கும் இடையே காலமும் நோக்கமும் பெரிதும் வேறு. ஆயினும் இரு சாராரும் உயிர் எதுவாக ஆகப்போகின்றது என்பதை விட்டு, இப்பொழுது எதனை உணர்கின்றது என்பதைப் பார்த்தனர். அவ்வளவுகோலின்படி மூன்றரை நாள் முளையத்தில் உணர்வதற்கு நரம்பென்று ஒன்றுமில்லை. தாய்ச் சுண்டெலிக்கு உண்டு. 1981இன் கேம்பிரிட்ஜ்ச் சோதனையில் முளையம் கருப்பையிற் பதிவதைத் தாமதப்படுத்தும்பொருட்டுத் தாயின் சூலகங்கள் அறுவை மூலம் அகற்றப்பட்டன. இத்தகைய ஆய்வுக்கட்டுரைகளின் முறைப்பகுதியிற் கொல்லப்படும் தாய்க்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு வாக்கியமே.

தாய் மட்டுமன்று. ஊட்டற்படைக்கெனப் பிரிக்கப்பட்ட பதின்மூன்றரை நாள் முளையங்கள் உள. பிரித்தானியாவின் 1986ஆம் ஆண்டு விலங்குச் சட்டமும், 2010இன் ஐரோப்பிய நெறியுறுத்தலும், இன்றைய நிலையில், முலையூட்டியின் சூலுறுகாலத்தின் கடைசி மூன்றிலொரு பகுதியிலிருந்தே முளையத்துக்குக் காப்பளிக்கின்றன. சுண்டெலியின் சூலுறுகாலம் ஏறக்குறைய இருபது நாள்; ஆகவே ஊட்டற்படைக்குரிய முளையங்கள் சட்டத்தின் வாசற்படியிலேயே நிற்கின்றன. நீர்ப்பாயமோ, சினையுடன் கொல்லப்பட்ட பசுக்களின் வயிற்றிலிருந்த கன்றுகளின் குருதியிலிருந்து வருவது. ஒரு கிண்ணத்துக் கலங்களைச் 'சோதனைக்குழாய் ஆய்வு, விலங்குக்கு மாற்று' என விளம்பரப்படுத்துவோர் அக்கிண்ணத்தில் உள்ளவை எங்கிருந்து வந்தன என்று கேட்கப்படுவதை விரும்பார்.

1988இன் புரதம் ஊட்டற்படையைப் பெரும்பாலும் வேண்டாததாக்கியது என்பதும், 2008இன் மருந்துகள் கன்றின் நீர்ப்பாயத்தை நீக்கின என்பதும் மேலே கூறப்பட்டன. இவற்றாற் கொல்லப்படும் விலங்குகளின் தொகை ஓரளவு குறைந்தது. ஆனால் அக்குறைவு இரக்கத்தினால் நிகழ்ந்ததன்று. நீர்ப்பாயம் ஒரு தொகுதியிலிருந்து மறு தொகுதிக்கு வேறுபட்டு முடிவுகளைக் குழப்பியது. தூய்மையான, இன்னதென்று அறியப்பட்ட ஊடகம் தேவைப்பட்டது. நன்மை விளைந்தது, நன்மையை எவரும் நாடவில்லை. எண்ணத்தைக் கொண்டு செயலை அளப்போருக்கு இங்குப் பாராட்ட ஒன்றுமில்லை. விளைவைக் கொண்டு அளப்போருக்கோ, கொல்லாமையை மேடையிற் பேசிய பலரினும் அந்த இரு மருந்துகள் உயர்ந்தனவாகத் தோன்றக்கூடும்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்றும் இத்துறையின் வரலாற்றில் உண்டு. லெஷ்–நைஹான் எனப்படும் பிறவிநோய், ஒரேயொரு நொதியத்தின் குறைவினால் ஆண் குழந்தைகளைப் பீடிப்பது. அந்நோயுற்ற சிறுவர் தம் உதடுகளையும் விரல்களையும் தாமே கடித்துச் சிதைத்துக்கொள்வர். வலியை உணராமலன்று, உணர்ந்து, அஞ்சி, தம் கைகளைக் கட்டிவைக்குமாறு வேண்டியும் தடுக்க இயலாமல். 1984இல் எவன்சும் உடனாய்ந்தோரும் குருத்துக்கலங்கள் சுண்டெலியின் இனப்பெருக்கக் கலங்களாகவும் மாறி அடுத்த தலைமுறைக்குச் செல்லும் எனக் காட்டியிருந்தனர். ஆகவே கிண்ணத்திற் கலத்தின் பரம்பரையலகைச் சிதைத்தால், அச்சிதைவையுடைய சுண்டெலிக் குடும்பத்தையே பெறலாம். 1987இல் இரு குழுவினர் தனித்தனியே இந்நொதியமற்ற குருத்துக்கலங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றிலிருந்து நொதியமற்ற சுண்டெலிகளைப் பெற்றனர். அச்சிறுவரின் துன்பத்தைத் தாங்கும் ஒரு விலங்கைப் படைத்து, அதிலே மருந்தைத் தேடுவது நோக்கம். சுண்டெலிகள் பிறந்தன. நொதியம் இல்லை. நோயும் இல்லை. அவை உண்டன, ஓடின, இணைந்தன, தம்மைக் கடிக்கவில்லை.

இந்நிகழ்ச்சி அறவியலாருக்கு மிகவும் பயனுடையது. துன்புறும்பொருட்டே ஒரு விலங்கு படைக்கப்பட்டது; அது துன்புறவில்லை. குற்றம் நிகழ்ந்ததா? விளைவைப் பார்ப்போர் இல்லை என்பர். ஆனால் அவ்விடை மனத்துக்கு நிறைவளிப்பதில்லை. ஓர் உயிர் தோன்றுமுன்னரே அதன் வாழ்வு முழுவதையும் நோயென வரைந்துவைத்தல், ஏற்கெனவே வாழும் விலங்கொன்றுக்கு ஊசியேற்றுதலினின்று வகையால் வேறானது. ஊசியேற்றப்பட்ட விலங்கு நோய்க்கு முன் ஏதோ ஒருவாறு வாழ்ந்திருக்கும். வரைந்து படைக்கப்பட்டதற்கு அத்தகைய முற்பகுதி இல்லை. மறுபுறத்தில், கட்டிவைக்கப்பட்ட கைகளுடன் கட்டிலிற் கிடக்கும் சிறுவனை ஒருமுறையேனும் கண்ட மருத்துவனிடம் இவ்வேறுபாட்டைக் கூறினால், அவன் அதனைப் பொறுமையுடன் கேட்பான் என எதிர்பார்த்தல் கூடாது. அவனது பொறுமையின்மையும் ஓர் அறவுணர்வே. இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுக்கலாம் என்போர் படிக்கற்களைக் காட்டவேண்டும். எண்ணிக்கை அப்படிக்கல் ஆகாது. சிறுவர் சிலர், சுண்டெலிகள் பல என்று எண்ணினால் ஒரு விடை வரும். துன்பத்தின் ஆழத்தைக் கொண்டால் வேறொரு விடை வரும். இம்முறை சுண்டெலி நோயுறாமையால் சிறுவனுக்கும் அப்பொழுது பயன் கிடைக்கவில்லை என்பதையுஞ் சேர்த்தே நினைக்கவேண்டும். மாதிரி எவ்வளவுக்கு உண்மையானதோ அவ்வளவுக்கு அது துன்புறும். துன்புறாதாயின் அது மாதிரியன்று. இம்முடிச்சை அவிழ்க்கும் தொழினுட்பம் எதுவும் சுண்டெலியின் உடலுக்குள் இல்லை.

இதற்குப் பின்னர் இவ்வழி பெருவழியாயிற்று. குறித்த பரம்பரையலகைச் சிதைத்த ஆயிரக்கணக்கான சுண்டெலி வகைகள் தோன்றின. 2007இல் எவன்ஸ், மாரியோ கப்பெக்கி, ஒலிவர் சிமித்தீஸ் மூவரும் இதன்பொருட்டு நோபல் பரிசு பெற்றனர். 2013க்குப் பின், நுகத்திலேயே பரம்பரையலகை வெட்டும் முறை வந்தமையால் குருத்துக்கலம் இதற்கு முன்போல் இன்றியமையாததாக இல்லை. இவையெல்லாம் தொழினுட்ப வரலாற்றுக்குரியவை.

அறவினா இன்று வேறிடத்துக்குப் பெயர்ந்துள்ளது. 2022இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழுவும், கேம்பிரிட்ஜில் மக்டலீனா செர்னிக்கா–கோட்சின் குழுவும், விந்தோ சூலோ கருப்பையோ இன்றி, குருத்துக்கலங்களையும் அவற்றிலிருந்து மாற்றப்பட்ட துணைக்கலங்களையும் ஒன்றுசேர்த்து, எட்டரை நாள் முளையத்தை ஒத்த உருவங்களைப் பெற்றன. இடப்பட்ட கலத்திரள்களுள் மிகச் சிலவே அந்நிலையை எட்டின. எட்டியவற்றில் இதயம் துடித்தது, மூளையின் தொடக்கமான மடிப்புகளும் காணப்பட்டன. இம்முறையிலே தாயைக் கொல்லவேண்டியதில்லை. மேலே சுமத்தப்பட்ட குற்றச்சாட்டின் பெரும்பகுதி இதனால் நீங்குகின்றது என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் சூலுறுகாலத்தின் கடைசி மூன்றிலொரு பகுதி என்று சட்டம் நாளெண்ணிக் காப்பளிக்கின்றது. ஒருபோதும் கருக்கட்டப்படாத, ஒரு தாயினுள்ளும் பதியாத ஓர் உருவத்துக்கு முதல் நாள் எது? அவ்வுருவங்கள் இன்று எட்டரை நாள் அளவில் நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால், நரம்புகள் ஒன்றையொன்று தொடும் நாள்வரை அவை சென்றால், எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை அக்கிண்ணத்தின் அருகில் நிற்பவரே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.